தூண்டில் நூல் எடை பெற்ற வரலாறு

நகரியிலும் நாராயணவனத்திலும் தறி வைத்திருக்கும் நெசவாளர் எவரிடமேனும் சென்று, நாற்பதாம் நம்பர் நூல் என்றால் என்ன என்று கேட்டால் அவர் தயங்காமல் விடை சொல்வார். 840 கஜம் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்தால் ஒரு ராத்தல் நிறை. அதுவே நாற்பதாம் நம்பர். அறுபது சிட்டம் சேர்ந்து ஒரு ராத்தல் என்றால் நூல் அதைவிட மெல்லியது. நூலின் பருமனைக் கண்ணாலும் விரலாலும் தடவிப் பார்த்து மதிப்பிடும் வழக்கத்தை நெசவுத் தொழில் நெடுநாட்களுக்கு முன்பே கைவிட்டது. நீளத்துக்கு நிறை என்ன என்பதே அங்கே கேள்வி. நெசவாளர் கண்ட இந்த எளிய வழியைத் தூண்டிற்காரர் உலகம் கண்டுகொள்ள 1961ஆம் ஆண்டு வரை சென்றது. அந்தத் தாமதத்தின் வரலாற்றையே இக்கட்டுரையில் கூற விழைகிறோம்.

ஆண்டு மலருக்கு இது பொருந்துமா என்று அன்பர்கள் ஐயுறலாம். செய்தித்தாள்கள் பிச்சாட்டூர் ஏரி என்று குறிப்பிடும் ஆரணியாற்று நீர்த்தேக்கம் நமக்கு அருகில் இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் மதகைத் திறந்தால் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்குவதும், அந்நீர் பெரியபாளையம் வழியாகப் பழவேற்காட்டை நோக்கிச் செல்வதும் நாம் ஆண்டுதோறும் கேட்கும் செய்திகள். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையோரம் தூண்டிலுடன் நிற்கும் காலனிப் பிள்ளைகள் பலர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமனோ சித்தப்பாவோ புதுமாதிரித் தூண்டிற்கோல் ஒன்றை வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அதற்குரிய நூல் எது என்று தெரியாமல், கடைத்தெருவில் கிடைக்கும் நைலான் நரம்பைக் கட்டி வீசினால் அது நுனியிலேயே சுருண்டு விழுகிறது. கோல் கெட்டது என்று பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கோலில் குறையில்லை, நூலின் கணக்கு தெரியாததே காரணம்.

நம் ஊர்த் தூண்டிலில் முள், இரை, ஈயக்குண்டு, தக்கை ஆகியவை நுனியில் சேர்ந்து ஓர் எடையாகின்றன. கோலை வீசும்போது அவ்வெடை முன்னே பாய்ந்து நூலை இழுத்துச் செல்கிறது. நூல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நன்று. மேனாட்டார் ஈத்தூண்டில் என்று கூறும் முறையிலோ நுனியில் இருப்பது சிறு முள்ளின்மேல் இறகும் பட்டிழையும் சுற்றிச் செய்த பொய் ஈ ஒன்றே. அதற்குச் சொல்லத்தக்க எடையே இல்லை. ஆகவே அங்கே நூல்தான் எடை. கோலை வளைத்து நிமிர்த்துவதும், காற்றில் நீண்டு விரிந்து, பின்னால் வரும் ஈயை மெல்ல நீரில் இறக்குவதும் நூலின் கனமே. வண்டிக்காரன் சாட்டையைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அடியில் பருத்து நுனியில் மெலிந்த கயிறு கையின் விசையைக் கடைசி முடிச்சு வரை கொண்டு செல்கிறதன்றோ? ஈத்தூண்டில் நூலும் அவ்வாறே பருத்தும் மெலிந்தும் செய்யப்படுவது.

தூண்டில் நமக்குப் புதிதன்று. திருக்குறளின் 931ஆம் குறள் சூதாட்ட வெற்றிக்கு உவமையாக எடுத்தாள்வதே தூண்டில் முள்ளைத்தான். பொய் ஈயை வைத்து மீன் பிடித்த செய்தி, கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்ற உரோமானியர் கிரேக்க மொழியில் எழுதிய நூலில் காணப்படுகிறது. மாசிதோனிய நாட்டார் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவல் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினர் என்றும், கோலும் ஆறடி, நூலும் ஆறடி என்றும் அவர் குறிக்கிறார். ஆறடி நூலை வீச வேண்டியதில்லை; நீரின்மேல் தொங்கவிட்டாலே போதும். நூலின் எடை என்ற கேள்வி அப்போது பிறக்கவே இல்லை.

இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூலிலும், 1653இல் ஐசக் வால்டன் வெளியிட்ட புகழ்பெற்ற புத்தகத்திலும் நாம் காண்பது குதிரைவால் மயிரால் முறுக்கிய நூல். முள்ளருகே ஒன்றிரண்டு மயிர், மேலே செல்லச் செல்ல மயிரின் எண்ணிக்கை கூடும். ஆண் குதிரையின் வால் மயிரே சிறந்தது, பெண் குதிரையினுடையது சிறுநீர் பட்டு வலுவிழக்கும் என்பதுவரை அக்காலத்தார் ஆராய்ந்திருக்கின்றனர்! மயிரின் நீளம் குறைவாதலால் துண்டுதுண்டாக முடிந்து சேர்க்க வேண்டும். முடிச்சுக்கள் கோலின் வளையங்களில் தடைபடும். எனவே நூலை நீட்டிச் சுருக்கி வீசும் கலை அதனோடு வளர இயலவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரத்தால் பின்னிய பட்டு நூல் வந்தது. முடிச்சில்லாத ஒரே ஓட்டமாக அது வளையங்களில் வழுக்கிச் சென்றது. ஆளிவிதை எண்ணெயைப் பல பூச்சு ஏற்றி உலர்த்தி மெருகேற்றியபோது கனமும் வழவழப்பும் சேர்ந்தன. பின்னும்போதே இழைகளைக் கூட்டியும் குறைத்தும் நடுவில் பருத்து இருபுறமும் மெலிந்த நூலைச் செய்தனர். முள்ளை அடுத்த கடைசிச் சில அடிகளுக்கு, ஸ்பெயின் நாட்டு முர்சியாவில் பட்டுப்புழுவின் உடலிலிருந்து எடுத்து நீட்டிய நரம்பு பயன்பட்டது. வீசுமுன் அதை நீரில் ஊறவைக்காவிட்டால் முறிந்துவிடும். கோலுக்கு மூங்கிலைப் பிளந்து ஆறு பட்டைகளாக ஒட்டினர். அத்தொழிலின் தொடக்க நாட்களில் அமெரிக்கருக்குச் சென்ற மூங்கில் கல்கத்தாத் துறைமுகம் வழியாகச் சென்ற நம் நாட்டு மூங்கிலே. அவர்கள் அதனைக் கல்கத்தாக் கழி என்றே அழைத்தனர். பின்னர் சீன மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பட்டு நூலுக்கு அமெரிக்கர் ஓர் அளவைக் கண்டனர். குறுக்களவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது பங்கு என்றால் ஏ. ஐந்து பங்கு குறையக் குறைய பி, சி, டி என்று அடுத்த எழுத்து. இருபது பங்கு என்றால் ஐ. எச்.டி.எச். என்ற நூல் இருமுனையிலும் இருபத்தைந்து பங்கும் நடுவில் நாற்பத்தைந்து பங்கும் பருமன் உடையது. எல்லாரும் பட்டினாலேயே நூல் செய்த காலத்தில் பருமன் ஒன்றானால் எடையும் ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் எழுத்து பொய் சொல்லவில்லை. பிரிட்டிஷ் வணிகரிடத்திலோ இந்த ஒழுங்கும் இல்லை. கடைக்குக் கடை வேறு எண், வேறு பெயர்.

இனி நம் பக்கம் வருவோம். சென்னை மாகாணத்தில் தூண்டிலைப் பற்றி விரிவாக எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சிவில் அதிகாரி. மங்களூரில் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு 1873இல் 'இந்தியாவில் தூண்டிற்கோல்' என்ற பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். மகசீரைப் பற்றியும் ஆற்றுக் கெண்டை வகைகளைப் பற்றியும் அதில் மிக விரிவாகப் பேசினார். 1887இல் ஏரி குளங்களில் தூண்டிலிடுவதற்கென்றே தனியாக இன்னொரு நூல் எழுதினார். ஒரு கலெக்டர் ஏரித்தூண்டிலுக்கு ஒரு புத்தகம் எழுதினார். தலைமுறை தலைமுறையாக ஏரிக்கரையில் அமர்ந்து கெண்டையும் கெளுத்தியும் விராலும் பிடித்தவர்களின் கையறிவு அந்த அளவுக்கு அச்சேறவில்லை. இதில் தாமஸின் குற்றம் ஒன்றுமில்லை. எழுதத் தெரிந்தவர்கள் ஏரிக்கரையை எழுதத்தக்க பொருளாகக் கருதவில்லை என்பதே நம் துணிபு.

ஆயினும் வெள்ளையர் மனம் ஏங்கியது டிரவுட் என்னும் குளிர்நாட்டு மீனுக்கு. ஈத்தூண்டில் முறையே அம்மீனைச் சுற்றி வளர்ந்தது. நம் பக்கத்து ஏரியின் சூட்டில் அது ஒரு நாளும் தாங்காது. தண்ணீர் குளிர்ந்து ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஆகவே நீலகிரியைத் தேர்ந்தனர். மீனியல் அறிஞரும் சென்னைப் படையின் மருத்துவருமான பிரான்சிஸ் டே 1863இல் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோல்வியுற்றார். உதகைத் தாவரத் தோட்டத்தை நடத்திய மக்கைவரும் பின்னர் மேனாட்டு மீன்களைக் கொண்டுவருவதில் ஈடுபட்டார். டிரவுட் நிலைக்கவில்லை. இதற்கிடையில் 1879இல் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. வரவேண்டிய மீன் வருமுன்னே காவற்சட்டம் வந்து காத்திருந்தது என்று சொன்னால் நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டுக்கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சென்னை அரசாங்கத்தின் மீன்வளர்ப்பு அலுவலராக இருந்த எச்.சி. வில்சன் வெற்றி கண்டார். அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து வானவில் டிரவுட் முட்டைகளை வருவித்தார். அவற்றுள் இலங்கை நமக்கு அண்மையானது. நம்மவர் தேயிலைக் கொழுந்து கிள்ளிய நுவரெலியா மலைகளின் ஓடைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளாகவே டிரவுட் விடப்பட்டிருந்தது. முட்டை குளிர் குறையாமல் கடலைத் தாண்டி, சமவெளியின் வெயிலைக் கடந்து மலையேறியதை எண்ணிப் பார்த்தால் அம்முயற்சியின் அருமை விளங்கும்.

மீன் வந்தது, நூல் எங்கிருந்து வந்தது? இலண்டன் பார்லோ கடையிலிருந்தும், 1872இல் அன்னிக் நகரில் தோன்றிய ஹார்டி சகோதரர் கடை போன்றவற்றிலிருந்தும் தபாலில் வருவிக்கவேண்டும். கப்பல் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். வந்த நூல் கோலுக்குப் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பி மாற்றுவது எளிதன்று. கடைக்காரரோடு நேரில் பேசி, கோலை ஆட்டிப் பார்த்து நூலைத் தேர்வது உள்ளூரில் வாழ்பவனுக்கு வாய்க்கும்; தொலைவில் இருப்பவனுக்கு எழுத்தும் எண்ணும்தாம் துணை. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இது புரியாததன்று. மேலும் பட்டு நூல் நம் காற்றுக்கு ஒவ்வாதது. வெப்பத்தில் எண்ணெய்ப் பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப்போகும். ஒவ்வொரு மாலையும் முழு நூலையும் ரீலிலிருந்து அவிழ்த்து நிழலில் உலர்த்தி, மறுநாள் மிதப்பதற்குக் கொழுப்புத் தடவ வேண்டும். ஒரு நாள் விளையாட்டுக்கு ஒரு மாலை ஊழியம்.

1938இல் டூபான் நிறுவனம் நைலானை அறிவித்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அது தூண்டிற் கடைகளுக்குள் புகுந்தது. அழுகாது, உலர்த்த வேண்டுவதில்லை, விலையும் குறைவு. ஆனால் வாங்கியவர்கள் திகைத்தனர். பழக்கமான எச்.டி.எச். எழுத்தைப் பார்த்தே வாங்கினர். அதே கோல், அதே கை. நூலோ முன்போல் பாயவில்லை. காரணம், நைலான் பட்டைவிட இலேசானது. நீரின் அடர்த்தியை ஒன்று எனக் கொண்டால் பட்டு ஏறக்குறைய 1.3, நைலான் 1.14. பருமன் ஒன்றாயிருந்தும் எடை குறைந்தது. எடை குறையவே கோல் வளையவில்லை. பட்டில் எச்.டி.எச். பயன்படுத்தியவர் நைலானில் ஓர் எழுத்துப் பருத்து எச்.சி.எச். வாங்க வேண்டியதாயிற்று. பொருள் மாறியவுடன் அளவு பொய்த்தது. மரக்காலால் நெல் அளந்தவர்க்கு இது தெரியும். நன்கு காய்ந்த நெல்லும் பதரோடு கூடிய நெல்லும் மரக்காலில் ஒரே அளவாக நிற்கும். தராசில் நிறுத்தால்தான் வேற்றுமை விளங்கும்.

குழப்பம் இத்துடன் நிற்கவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மிட்லண்ட் நகரில் 1945இல் தொடங்கிய சயின்டிபிக் ஆங்கிளர்ஸ் என்ற நிறுவனம், 1950களில் பின்னிய நூலின்மேல் பி.வி.சி. பிளாஸ்டிக்கைப் பூசும் முறையை வளர்த்தது. உள்ளே பின்னல் ஒரே சீராக ஓடும். மேற்பூச்சே இடத்துக்கு இடம் பருத்தும் மெலிந்தும் அமையும். பூச்சினுள் நுண்ணிய வெற்றிடங்களை அடைத்தால் நூல் மிதக்கும். கனமான பொருளைச் சேர்த்தால் மூழ்கும். இனி ஒரே எடையுள்ள இரு நூல்கள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருக்கலாம். குறுக்களவை வைத்துக்கொண்டு எவரும் எதையும் அறியமுடியாத நிலை தோன்றியது.

அப்போதுதான் அமெரிக்கத் தூண்டிற் பொருள் உற்பத்தியாளர் சங்கம் எடையைக் கையில் எடுத்தது. மைரன் கிரெகரி போன்ற வீச்சு விளையாட்டுக்காரர்கள் அதற்காக வாதாடினர். 1961இல் ஏற்கப்பட்ட அளவு இது: நுனியில் நேராக ஓடும் சிறு பகுதியை நீக்கி, அதை அடுத்த முதல் 30 அடி நூலை நிறுக்க வேண்டும். அந்நிறைக்கு ஓர் எண். ஒன்றாம் எண்ணுக்கு 60 கிரெய்ன். நான்குக்கு 120, ஐந்துக்கு 140, ஆறுக்கு 160, எட்டுக்கு 210, பத்துக்கு 280, பன்னிரண்டுக்கு 380. ஒரு ராத்தலில் 7,000 கிரெய்ன். நம் பொற்கொல்லர் நெல்லெடை, குன்றிமணி என்று வைத்ததைப் போலவே கிரெய்னும் தானிய மணியிலிருந்து பிறந்த சொல்தான். இல்லத்தரசியர்க்குப் புரியும்படி சொன்னால், நான்காம் எண் நூலின் முப்பதடி ஒரு பவுனுக்குச் சற்றே குறைவு. ஐந்தாம் எண் ஒரு பவுனும் ஒரு கிராமும். எட்டாம் எண் ஒன்றே முக்கால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. நெசவாளர் கணக்கில் எண் ஏற நூல் மெலியும். இங்கே எண் ஏற நூல் கனக்கும். இவ்வொன்றே வேற்றுமை.

ஏன் 30 அடி? நடுத்தரக் கையுடையவன் இயல்பாகக் காற்றில் ஏந்தக்கூடிய நீளம் ஏறக்குறைய அதுவே. கோல் செய்வோரும் அதே எண்ணைக் கோலின் பிடிக்கு மேலே பொறிக்கலாயினர். ஐந்து என்று பொறித்த கோலுக்கு ஐந்து என்று அச்சிட்ட நூல். யாரோ ஓரூரில் செய்த கோலுக்கு வேறோர் ஊரில் செய்த நூலை முகம் பாராமல் வாங்கலாம் என்ற நிலை இவ்வாறு வந்தது. நம் நாட்டிலும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான், 1958 அக்டோபர் முதல், சேரும் வீசையும் மணங்கும் போய்க் கிலோகிராம் வந்தது. அம்மாற்றத்தை முணுமுணுத்துக்கொண்டே ஏற்ற பாட்டிமார்களை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி, பரணில் இருக்கும் கோலை இறக்குவோம். பிடிக்கு மேலே உள்ள எண்ணை முதலில் பாருங்கள். நூற்பெட்டியில் அதே எண் இருத்தல் வேண்டும். எண்ணுக்கு முன்னே டபிள்யூ.எஃப். என்றிருந்தால் கனம் முன்பகுதியில் சேர்ந்திருக்கிறது. தொலைவில் வீசுவது எளிது. டி.டி. என்றிருந்தால் நடு பருத்து இருமுனையும் மெலிந்தது. ஒரு முனை தேய்ந்தால் திருப்பிக் கட்டிக்கொள்ளலாம், சிக்கனக்காரர்க்கு ஏற்றது. எண்ணுக்குப் பின்னே எஃப். என்றிருந்தால் மிதக்கும், எஸ். என்றிருந்தால் மூழ்கும். ஏரிக்கரைச் சிறு கெண்டைகளுக்கு நான்கோ ஐந்தோ போதும். மிதக்கும் நூலே தொடக்கக்காரர்க்கு நல்லது. கற்றுக்கொள்ளும் பிள்ளையின் கை குறைந்த நீளத்தையே வீசுமாதலால், கோலுக்கு ஓரெண் கூடிய நூலைக் கொடுப்போரும் உண்டு. அது தவறன்று, முப்பதடிக்குச் சொன்ன கனத்தை இருபத்தைந்து அடியிலேயே கோல் உணரும்.

கட்டும் முறையில் அவசரம் கூடாது. முதலில் ரீலின் அச்சில் மெல்லிய பின்னல் அடிநூலைக் கட்டி நிரப்புக. பெருமீன் இழுத்தோடினால் கைகொடுப்பது அது. ரீலின் உட்பருமனைக் கூட்டி நூல் இறுகச் சுருளாமலும் அது காக்கும். அதன்மேல் கன நூலின் பின்முனையைச் சேர்க்க வேண்டும். டபிள்யூ.எஃப். நூலுக்கு முன்பின் உண்டு. பின்முனையை இன்னதென்று ஒரு சிறு சீட்டு ஒட்டி வருகிறது, அதை எறிந்துவிடாதீர்கள். மாற்றிக் கட்டினால் கனம் ரீலிலேயே தங்கிவிடும். ரீல் முழுவதும் நிரம்பாமல் விளிம்பிலிருந்து சிறிது இடம் விட்டு நிறுத்துக. முன்முனையில் ஒன்பதடி அளவுக்கு, அடியில் தடித்து நுனியில் மெலிந்த நைலான் நரம்பு. நாம் தங்கூசு என்று சொல்லும் அந்நரம்பே முர்சியாப் பட்டுப்புழுவின் இடத்தில் இன்று இருப்பது. அதன் நுனியில் ஈ.

வீசும்போது நூல் முன்னே போவதற்கு முன் அதே நீளம் பின்னே போகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் ஏரிக்கரையில் பின்புறம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. முதல் நாள் மீனைவிட முள்மரமே மிகுதியாக அகப்படும். மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் கோலைத் தூக்கவே கூடாது. இக்காலத்துக் கோல்கள் கரிநாரால் ஆனவை. மின்சாரம் அவற்றில் பாயும். அணைநீரில் மீன்பிடிக்க அனுமதி வேண்டுமா என்று உரியவர்களிடம் கேட்டறிந்த பின்பே பிள்ளைகளை அனுப்புக.

பிளாஸ்டிக் நூலுக்குப் பட்டு நூலைப் போல் மாலைதோறும் ஊழியம் தேவையில்லை. ஆயினும் வெயிலில் நின்ற காரினுள் விட்டுவைத்தால் கெடும். கொசுவுக்குத் தடவும் மருந்து பட்ட கையால் தொட்டால் மேற்பூச்சு இளகி வெடிக்கும். மிதமான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

மலைத் தோட்டத்துப் பழைய பங்களாவிலிருந்து ஏலத்தில் வந்த மூங்கிற்கோல் எவரிடமேனும் இருக்கக்கூடும். அதில் எண் இராது, எச்.டி.எச். என்ற எழுத்து மட்டும் மங்கலாகத் தெரியலாம். அதற்கு இன்றைய கணக்கில் ஐந்து அல்லது ஆறாம் எண் நூல் பொருந்தும். இரண்டையும் கடன் வாங்கிப் புல்வெளியில் வீசிப் பார்த்து, எதற்குக் கோல் பிடிக்கருகே வரை சோம்பாமல் வளைந்து நிமிர்கிறதோ அதை வைத்துக்கொள்க. வீசும்போது ஈயின் இடத்தில் முள் வேண்டாம். சிறு கம்பளித் துணுக்கைக் கட்டிக்கொண்டால் குழந்தைகள் அருகில் நிற்கலாம்.